வெளிநாட்டு வீதியில் நடக்கும்போது உங்கள் காதில் என்ன ஓடியது?

ஊர்சுற்றி:
இஸ்தான்புல். கதிக்கோய் துறையிலிருந்து எமினோனு துறைக்குப் படகு, இருபது நிமிஷம். போனவர்களுக்குத் தெரியும்: சின்னக் கண்ணாடிக் குவளையில் டீ, சிமிட் ரொட்டியைப் பிய்த்து எறிந்தால் கூடவே பறந்து வரும் கடற்காகங்கள். உள்ளூர் இசைதான் கேட்பது என்று கிளம்பும்போதே ஒரு பட்டியல் போட்டிருந்தேன். நெய் (சாப்பிடுகிற நெய் இல்லை, அவர்களுடைய குழல்), ஊத், சாஸ் என்ற தந்திக் கருவிகள். இரண்டு நாள் பரீட்சைக்குப் படிக்கிற மாதிரி கேட்டேன். மூன்றாம் நாள் இரவு விரல் தானாகப் போய் மாயாமாளவகௌளை ராக வயலின் ஆலாபனையில் நின்றது.

கரை நெருங்கும்போது இரவுத் தொழுகைக்கான பாங்கு தொடங்கியது. துருக்கியில் ஐந்து வேளைக்கும் வேறு வேறு மகாம் (நம் ராகம் மாதிரி). அன்றிரவு கேட்டது ஹிஜாஸ். அதன் ரிஷபமும் காந்தாரமும் மாயாமாளவகௌளைக்குப் பக்கத்து வீடு. எது காதுக்குள், எது வெளியே என்று ஒரு நொடி பிடிபடவில்லை. இயர்போனில் ஒரு பக்கத்தைக் கழற்றினேன். அருகில் இருந்த பெரியவர் கையை நீட்டி அதை வாங்கித் தன் காதில் வைத்துக்கொண்டார். படகு துறையைத் தொடும் வரை அசையவில்லை. அப்புறம் துருக்கிய மொழியில் நீளமாக ஏதோ சொல்லி, தோளில் தட்டிவிட்டு இறங்கிப் போனார்.

பாங்கு ஒலிக்கும்போது அங்கே பலர் பாட்டை நிறுத்திவிடுவார்கள் என்று பிறகுதான் தெரிந்தது. அவர் ரசித்தாரா, கண்டித்தாரா? நாலு வருஷமாக யோசிக்கிறேன்.

தவில்பிரியன்:
லிஸ்பனில் நானும் உங்களை மாதிரிதான். அல்ஃபாமா சந்துகளில் ஃபாடோ (அந்த ஊர்ச் சோகப் பாட்டு) கேட்டுக்கொண்டே ஏறி இறங்கினேன். உண்மையைச் சொன்னால் மூட்டுவலிதான் மிச்சம். இருட்டியதும் நாதஸ்வரத்துக்கு மாறினேன். ஆஹா, அந்தப் படிக்கட்டுகளுக்கும் தவிலுக்கும் என்ன பொருத்தம்!

அப்படியே ஒரு ஃபாடோ விடுதிக்குள் போய் உட்கார்ந்தேன். விளக்கைக் குறைத்தார்கள். பாட்டு தொடங்கினால் அங்கே கரண்டிச் சத்தம்கூடக் கேட்காது. கருப்புச் சால்வை போர்த்திய அம்மா கண்ணை மூடி மூச்சை இழுக்கிறார், என் பையில் கைபட்டு போன் ஸ்பீக்கரில் கெட்டிமேளம்! அணைக்க எனக்கு எவ்வளவு நேரம் ஆனதோ. அவர் கண்ணைத் திறக்கவே இல்லை. மேளம் முடியும் வரை காத்திருந்து பாடினார். திட்டியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும்.

நிலா_மதுரை:
இரண்டு பேரும் காதை ஏன் அடைக்கிறீர்கள் என்றுதான் எனக்குப் புரியவில்லை. டோக்கியோவில் யமனோதே ரயிலில் பல நிலையங்களுக்குத் தனித்தனி மெட்டு உண்டு, கதவு மூடுமுன் சில நொடி மட்டும். இயர்போனோடு ஒரு வாரம் சுற்றி அத்தனையையும் தவறவிட்டேன். கடைசி நாள் சார்ஜ் தீர்ந்தது. மாலை ஐந்து மணிக்குத் தெருக்கம்பத்து ஒலிபெருக்கியில் மணியோசை மாதிரி ஒரு மெட்டு. பேரிடர் அறிவிப்புக் கருவி வேலை செய்கிறதா என்று பார்க்கப் போடுவதாம். பூங்காவில் விளையாடிய பிள்ளைகள் பையைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குக் கிளம்பினார்கள். எனக்கு ஏனோ அழுகை வந்தது.

ஹெட்போன் மாமா:
ஆம்ஸ்டர்டாம். செம்மண் நிறப் பாதை நடப்பதற்கு என்று நினைத்தேன், அது சைக்கிளுக்கு. மணி கேட்கவில்லை. முழங்கை இன்னும் மழைக்கு வலிக்கும்.

ஆகவே எல்லோருக்கும்: இரைச்சல் நீக்கும் வசதியைத் தெருவில் அணைத்து வையுங்கள். ஒரு காதில் மட்டும் போடுங்கள், அதுவும் வண்டி வராத பக்கத்துக் காதில். நம் ஊரில் வண்டி இடப்பக்கம் ஓடுவதால் ஐரோப்பாவில் பெரும்பாலான ஊர்களில் தலை முதலில் தப்பான பக்கம்தான் திரும்பும். காதும் இல்லையென்றால் அவ்வளவுதான். பாட்டுகளை ஓட்டல் வைஃபையில் முன்பே இறக்கிவிடுங்கள், ரோமிங் கட்டணம் மிச்சம். வழி தேடும்போது சொற்கள் உள்ள பாட்டு வேண்டாம், தெருப்பெயர் மண்டையில் ஏறாது. ஊர்சுற்றி, காதில் போட்டதை முன்பின் தெரியாதவருக்குக் கொடுக்காதீர்கள், சுகாதாரம் முக்கியம். தவில்பிரியன், விமானப் பயன்முறை என்று ஒன்று இருக்கிறது.

தவில்பிரியன்:
மாமா, விமானப் பயன்முறையில் பாட்டு நிற்காது.

பாரிஸ்காரர்:
நீங்கள் எல்லாரும் தெரிவு செய்கிறீர்கள். 1991 குளிர்காலத்தில் என்னிடம் இருந்தது ஒரு வோக்மன், ஒரே ஒரு கசற், அதுவும் யாழ்ப்பாணத்தில் தம்பி பதிந்து தந்தது. பாரிஸில் லா ஷப்பல் பகுதியில் வேலை முடிந்து கால்வாய் ஓரமாக நடந்துதான் அறைக்குப் போவன், மெட்ரோக் காசு மிச்சம். குளிருக்குப் பற்றறி இறங்க இறங்கப் பாட்டும் இழுபடும். இரும்புப் பாலத்தடிக்கு வரும்போது பெண் குரல் ஆண் குரலாகிவிடும். பற்றறியைக் கழற்றி உள்ளங்கையில் வைத்துத் தேய்த்துச் சூடாக்கிப் போட்டால் இன்னும் அரைப் பாட்டு ஓடும்.

போன மாதம் மகள் அதே பாட்டைப் போனில் போட்டாள். "ஏன் பிள்ளை இவ்வளவு கெதியாப் பாடுது?" என்று கேட்டன். அவள் சிரிக்கிறாள்.

ஹெட்போன் மாமா:
ஐயா, அது பேட்டரி மட்டும் இல்லை. உள்ளே இருக்கிற ரப்பர் பெல்ட்டும் தளர்ந்திருக்கும். அப்போதே மாற்றியிருக்கலாம்.