வேதபாட நேரத்தில் களிமண், பாட்டு, நாடகம்: செய்து பார்த்தவர்கள் சொல்லுங்க

மேய்ச்சல்காரன்:
ஸ்தோத்திரம். நெல்லைப் பக்கம் மிஷன் தொடக்கப் பள்ளி, 1 முதல் 3ஆம் வகுப்பு வரை, வேதபாடம் (பைபிள் வகுப்பு) 40 நிமிடம். ஜெராக்ஸ் படத்துக்கு வண்ணம் அடிக்கக் கொடுப்பதைத் தாண்டி என்ன செய்யலாம்? எவ்வளவு, எவ்வளவு நேரம் என்ற விவரத்தோடு சொன்னால் உதவியாக இருக்கும்.

களிமண்கை:
காணாமற்போன ஆடு (லூக்கா 15) எடுங்க பிரதர், நூறு ஆட்டில் தொலைந்த ஒன்றை மேய்ப்பன் தேடிப் போகிற கதை. வகுப்பில் 33 பிள்ளைகள் என்றால் ஆளுக்கு மூன்று ஆடு, சரியாக 99. பிள்ளைகள் குறைவென்றால் மிச்சத்தை முந்தின நாளே செய்து வைங்க. நூறாவது ஆட்டையும் நீங்களே செய்து பீரோ இடுக்கில் ஒளித்துவிடணும். செய்து முடித்ததும் தரையில் பத்துப் பத்தாக அடுக்கச் சொல்லுங்க. கடைசி வரிசையில் ஒரு இடம் காலியாகக் கிடக்கும். பிள்ளைகள் அதைப் பார்த்துத் தேடக் கிளம்பிய பிறகுதான் வசனம் வாசிக்கணும். முதலிலேயே வாசித்தால் தேடுவதில் சுவாரசியம் போய்விடும்.

ஒரு ஆட்டுக்கு எலுமிச்சை அளவு மண், 50–60 கிராம். நூற்றுக்கு ஏறக்குறைய 6 கிலோ. குளத்து மண் என்றால் கல், வேர் பொறுக்கி, ஒரு நாள் நனையப் போட்டு, கையில் ஒட்டாத பதத்துக்குப் பிசைங்க. காலைத் தனியாக உருட்டி ஒட்டினால் காய்ந்ததும் கழன்று விழும். ஒரே உருண்டையிலிருந்து கிள்ளி இழுக்கணும், இல்லையென்றால் படுத்திருக்கிற ஆடாகச் செய்யச் சொல்லுங்க. வெயிலில் காயவைத்தால் வெளிப்பக்கம் முதலில் சுருங்கி வெடிக்கும், நிழல்தான் சரி. மண் வேலைக்கு 20 நிமிடத்துக்கு மேல் கொடுக்காதீங்க. ஒரே குழாயில் முப்பது பேர் கை கழுவணுமே!

கீபோர்டு அண்ணன்:
பாட்டு நேரத்தில் "பிள்ளைகள் கத்துது" என்பார்கள். முக்கால்வாசி இடத்தில் கோளாறு சுருதியில்தான். ஆசிரியர் தன் குரலுக்கு வசதியாகக் கீழே எடுப்பார், பிள்ளைகள் அங்கே இறங்க முடியாமல் உறுமும், இல்லை கத்தும். கீபோர்டில் நடு சி-க்கு அடுத்த டி-யிலிருந்து மேலே ஏ வரைக்குள் மெட்டு நிற்கிற மாதிரி ஸ்கேல் வைங்க. சொற்களை முதலில் பழக்கி, கை அசைவை அடுத்த நாள் சேருங்க. இரண்டையும் ஒன்றாகக் கொடுத்தால் கை ஆடும், வாய் நின்றுவிடும். எதிரே நிற்கிற நீங்கள் பிள்ளைக்கு வலது என்றால் உங்கள் இடதைத் தூக்கணும். குதிப்பதெல்லாம் இடை இசையில் மட்டும்.

இன்னொன்று. கிறிஸ்தவக் கவிஞர் வேதநாயக சாஸ்திரியார் (1774–1864) பெத்லகேமையே குறவஞ்சிப் பாட்டு நாடகமாக்கிய தமிழ்நாடு நம்முடையது. கும்மி மெட்டு நம் பிள்ளைகளுக்கு எளிதாக வரும். ஆங்கில ஆக்‌ஷன் பாட்டை மட்டும் ஏன் பிடித்துத் தொங்கணும்?

திரைச்சீலை அக்கா:
நல்ல சமாரியன் (லூக்கா 10) கதையை நாடகமாகப் போட்டால் பேச்சு மனப்பாடம் வேண்டாம். ஒரு பிள்ளை வாசிக்க, மற்றவர்கள் வாய் திறக்காமல் நடிக்கட்டும். கள்ளர் அடிக்கிற இடம்தான் ஆபத்து, நிஜமாகவே அடி விழும். "அசையாமல் நில்" என்று சொல்லி, ஓங்கிய கையோடு சிலையாக நிறுத்திவிடுங்க. சாக்பீஸால் அரைவட்டம் போட்டால் ஒருவரை ஒருவர் மறைக்க மாட்டார்கள். நாடகம் முடிந்ததும் அடிபட்டவனைப் பார்த்தும் விலகிப் போன லேவியனாக (ஆலய ஊழியன்) நடித்த பிள்ளையை நாற்காலியில் உட்காரவைத்து, "ஏன் விலகிப் போனீங்க?" என்று வகுப்பே கேட்கட்டும். "பயமா இருந்துச்சு", "நேரமாச்சு" என்று பதில் வரும். பாடமே அங்கேதான் இருக்கு. ஆண்டு விழாவுக்குத் தாடியும் அங்கியும் மாட்டி மைக் முன்னால் நிறுத்தினால் இந்தக் கேள்வி வராது, பெற்றோருக்குப் போட்டோதான் மிஞ்சும்.

சட்டக்கல்வி:
அரசு உதவி பெறும் பள்ளி என்றால் அரசியலமைப்பின் 28(3) பிரிவு பாருங்க. பெற்றோர் சம்மதம் இல்லாமல் எந்தப் பிள்ளையையும் மத போதனையிலோ வழிபாட்டிலோ சேர்க்கக் கூடாது. ஆண்டுத் தொடக்கத்திலேயே எழுதி வாங்குங்க. சம்மதம் வராத பிள்ளையை வராந்தாவில் உட்காரவைக்காதீங்க. அந்த நேரத்தில் அவனுக்கென்று வேறு ஆசிரியரிடம் ஓவியமோ மண் வேலையோ ஏற்பாடு செய்யணும்.

மேய்ச்சல்காரன்:
நன்றி. ஆடு காய்ந்ததும் சுண்ணாம்பு அடிக்கலாமா?

களிமண்கை:
வேண்டாம். சுடாத மண், ஈரம் பட்டால் இளகும். கெட்டிப் பசை மெல்லிசாகத் தடவிப் பஞ்சு ஒட்டுங்க.