அக்காவுக்கு அறுவை சிகிச்சை: குடும்பக் குழுவில் ஒரு மாலை

அக்கா: உடல் எடைக்கான அறுவை சிகிச்சைக்கு நாள் குறித்துவிட்டார்கள். அடுத்த மாதம்.

பெரியப்பா: எதற்கம்மா வயிற்றை வெட்டிக்கொள்வது? வாயைக் கட்டினால் போதாதா?

அக்கா: கட்டித்தான் இருந்தேன் பெரியப்பா. இறங்கிய எடை ஒவ்வொரு முறையும் வட்டியோடு திரும்பியது. இப்போது இன்சுலின் வேறு.

அத்தை: அண்ணா, நான் அறுவை சிகிச்சை வார்டில் வேலை பார்த்தவள். எடை இறங்கினாலே உடம்பு பசியைக் கூட்டிவிடும். அதோடு வருடக்கணக்கில் மல்லுக்கட்ட யாரால் முடியும்? இவளைச் சோம்பேறி என்று மட்டும் சொல்லாதீர்கள்.

பெரியப்பா: நான் சொல்லவே இல்லையே!

தம்பி: ஸ்லீவா, பைபாஸா அக்கா?

அக்கா: பைபாஸ். எனக்கு நெஞ்செரிச்சல் அதிகம். இரைப்பையின் பெரும்பகுதியை வெட்டி எடுத்து, மீதியைக் குழாய்போல் ஆக்கும் ஸ்லீவ் செய்தால் அது கூடிவிடலாம் என்றார் மருத்துவர்.

பெரியப்பா: பைபாஸா? இதயத்துக்கு என்ன ஆயிற்று??

அத்தை: இதயம் இல்லை அண்ணா, இரைப்பை. அதன் மேற்பகுதியை முட்டை அளவுக்குச் சிறு பையாகப் பிரித்து, சிறுகுடலோடு நேராக இணைப்பார்கள். உணவு குடலின் தொடக்கப் பகுதியைத் தொடாமல் போகும். அதனால் குடல் ஹார்மோன்களே மாறுகின்றன. எடை இறங்குவதற்கு முன்பே, சில நாள்களில் சர்க்கரை குறையத் தொடங்கும். இன்சுலின் அளவை உடனே மாற்றாவிட்டால் மயக்கமே வந்துவிடும்.

பெரியப்பா: அப்படியானால் சர்க்கரை நோய் தீர்ந்துவிடுமா?

அத்தை: பலருக்கு மாத்திரையே தேவைப்படாது. சிலருக்கு ஆண்டுகள் கழித்துத் திரும்பும். இன்சுலின் வரை போனவர்களுக்கு வாய்ப்பு குறைவு, அதையும் சொல்லிவிடுகிறேன்.

அக்கா: தெரியும் அத்தை. ஊசி பாதியானாலும் எனக்கு லாபம்தான்.

சித்தி: தலைமுடி கொட்டுமாமே?

அத்தை: மூன்றாம் மாதவாக்கில் கொட்டும், பெரும்பாலும் மீண்டும் வளர்ந்துவிடும். நான் பயப்படுவது வேறு. வைட்டமின் பி12, இரும்பு, கால்சியம் எல்லாம் வாழ்நாள் முழுவதும் வேண்டும். எடை இறங்கிய மகிழ்ச்சியில் அவற்றை நிறுத்திவிட்டு, கால் மரத்துப்போய் வந்து நின்றவர்களைப் பார்த்திருக்கிறேன். மூட்டு வலிக்கு இபுபுரூஃபனும் கூடாது, இரைப்பையும் குடலும் சேரும் இணைப்பில் புண் வரும்.

தம்பி: முதல் வாரம் என்ன சாப்பிடுவாய்?

அக்கா: திரவம் மட்டும். மருந்துக் குவளையில் 30 மில்லி, அதையும் கால் மணி நேரம் உறிஞ்ச வேண்டுமாம்.

பெரியப்பா: சரி, இரவில் துணைக்கு நான் இருக்கிறேன்.

அத்தை: உங்கள் குறட்டைக்கு வார்டே தூங்காது அண்ணா. தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வருகிறது என்று அண்ணியும் சொன்னார். அவளோடு போகும்போது அதையும் மருத்துவரிடம் காட்டுங்கள்.

பெரியப்பா: என்னை எதற்கு இழுக்கிறாய்?