செமாகுளூடைடு விலை இறங்குவது நமக்கு நல்லதா?

காட்பாடிவாசி:
சர்க்கரை நோய்க்கும் எடை குறைக்கவும் போடும் ஊசி மருந்தான செமாகுளூடைடுக்கான இந்தியக் காப்புரிமை 2026 மார்ச்சோடு முடிந்துவிட்டது. ஓசெம்பிக், வீகோவி என்று நோவோ நார்டிஸ்க் மட்டும் விற்றுவந்த மருந்தை இனி நம் நாட்டு கம்பெனிகளும் விற்கலாம். விலை இறங்கும் என்றால் சிலர் ஏன் முகம் சுளிக்கிறார்கள்? ஜார்டியன்ஸ் என்ற சர்க்கரை மாத்திரை ஒன்று ஏறக்குறைய 60 ரூபாய்க்கு விற்றது. 2025 மார்ச்சில் அதன் காப்புரிமை முடிந்ததும் அதிலுள்ள அதே மருந்து, எம்பாகிளிஃபுளோசின், 10 ரூபாய்க்கும் கீழே வந்தது. யாருக்கு நஷ்டம்?

சத்துவாச்சாரி மருந்தாளுநர்:
மாத்திரையையும் ஊசியையும் ஒரே தராசில் நிறுக்காதீர்கள் ஐயா. பிரிக்காத செமாகுளூடைடு ஊசியை 2 முதல் 8 டிகிரி குளிரில் வைக்க வேண்டும். சித்திரை வெயிலில் ஐஸ் பேக் இல்லாமல் வண்டிப் பெட்டியில் போட்டு அணைக்கட்டு ஊர் வரை கொண்டுபோனால் என்ன மிஞ்சும்? அளவு குறித்த ஊசிப் பேனாவாக இல்லாமல் குப்பியில் வரும் மருந்தில் இன்னொரு ஆபத்து. டாக்டர் சீட்டில் மில்லிகிராம் என்று இருக்கும். இன்சுலின் சிரிஞ்சில் இருப்பதோ யூனிட் கோடுகள். வாரம் ஒருமுறை 0.25 மில்லிகிராமில் தொடங்கி, நான்கு வாரம் கழித்துத்தான் அளவைக் கூட்ட வேண்டும். கணக்குத் தப்பினால் விடாத வாந்தி. இதற்குள், "மகள் கல்யாணத்துக்குள் இளைக்க வேண்டும், சீட்டு இல்லை" என்று கடைக்கு வருகிறார்கள்.

குடியாத்தம் நெசவாளர் மகள்:
அந்தக் கோடுகளைக் காட்டிச் சொல்லிக்கொடுப்பது உங்கள் வேலைதானே, சார்? அதற்காக விலை உயர்ந்தே இருக்க வேண்டுமா? என் அப்பா சிடாகிளிப்டின் என்ற சர்க்கரை மாத்திரையை ஒருநாள் விட்டு ஒருநாள் போட்டுக்கொண்டு, ஓர் அட்டையை இரண்டு மடங்கு நாளுக்கு இழுத்தார். எங்களிடம் சொல்லக்கூட இல்லை. 2022 ஜூலையில் அதன் காப்புரிமை முடிந்த பிறகு, மற்ற கம்பெனிகளின் மலிவான ஜெனரிக் வந்துதான் தினமும் போடுகிறார். தறியில் உட்காருகிறவருக்கு அந்தப் பணம் சின்னதல்ல.

சத்துவாச்சாரி மருந்தாளுநர்:
உங்கள் அப்பாவுக்குக் கிடைத்ததை நான் மறுக்கவில்லை அம்மா. சர்க்கரைக்கு டாக்டர் எழுதினால் மலிவாகவே கிடைக்கட்டும். எடைக்காகப் போடுகிறவர்களைப் பற்றித்தான் பேசுகிறேன். ஊசியை நிறுத்தினால் பெரும்பாலோருக்கு எடை திரும்புகிறது. கணையம், பித்தப்பைத் தொல்லையும் வரலாம். விலை குறைந்தால் சீட்டில்லாமல் கேட்பவர்கள் கூடுவார்கள்.

காட்பாடிவாசி:
நிறுத்தினால் எடை திரும்புகிறது என்றால் வருடக்கணக்கில் வாங்க வேண்டியிருக்கும். அதற்காகவே விலை இறங்க வேண்டும். சீட்டில்லாமல் விற்கிற கடையைப் பிடியுங்கள். முதல்வர் மருந்தகத்திலும் இந்த ஊசி வரட்டும்.

சத்துவாச்சாரி மருந்தாளுநர்:
குளிர்பெட்டியும் சொல்லிக்கொடுக்க ஆளும் இருந்தால் வரட்டும். சீட்டில்லாமல் என் கடையில் கிடைக்காது.