சேனை வைக்கத் தேன் வேண்டாம் என்று அம்மாச்சிக்கு எப்படிப் புரியவைப்பது?

எல்லோருக்கும் வணக்கம். தங்கைக்கு அடுத்த மாதம் பிரசவம். பிறந்த குழந்தையின் நாக்கில் முதன்முதலாக இனிப்பைத் தொட்டு வைக்கும் சேனைச் சடங்குக்கு அம்மாச்சி இப்போதே மலைத்தேன் வாங்கி அலமாரியில் பத்திரப்படுத்திவிட்டார். ஒரு வயது நிறையாத குழந்தைக்குத் தேனே கூடாது, அதில் பொட்டுலிசம் என்ற நோயைத் தரும் கிருமியின் வித்துகள் இருக்கலாம் என்றால், "சரி, காய்ச்சி ஆறவைத்து ஒரு சொட்டு தொட்டு வைக்கிறேன்" என்கிறார்.

அங்கேதான் சிக்கல். கொதிக்கவைத்தாலும் அந்த வித்துகள் சாகாது, அழுத்தத்தில் 121 டிகிரி செல்சியஸ் சூடு வேண்டும். பெரியவர்கள் குடலில் அவை பொதுவாக முளைக்காது, ஆனால் பச்சைக் குழந்தையின் குடலில் முளைத்து நஞ்சை உண்டாக்கும், அதுவும் உடனே தெரியாது, சில நாள் கழித்து மலச்சிக்கலில் ஆரம்பித்து, அப்புறம் பால் இழுக்கத் தெம்பில்லாமல், அழுகை ஈனமாகி, இமை தொங்கி, கை கால் துவண்டு, கடைசியில் மூச்சே திணறும். அரிதான நோய்தான், ஆனாலும் எனக்குப் பயமாக இருக்கிறது.

இங்கே குழந்தை மருத்துவர்கள், செவிலியர்கள் இருந்தால், அம்மாச்சிக்குப் போட்டுக் காட்டுகிற மாதிரி தமிழில் ஒரு குரல்பதிவு அனுப்ப முடியுமா? சடங்கையும் விடாமல், தேனும் தொடாமல், சீம்பாலையே முதலில் கொடுத்துப் பெரியவர்களைச் சம்மதிக்கவைத்தவர்கள் யாராவது இருந்தால், என்ன சொல்லிச் சம்மதிக்கவைத்தீர்கள் என்று தயவுசெய்து எழுதுங்கள்.