புதுப்பிப்பு: அண்ணனின் மரபணு அறிக்கை

அண்ணனின் மூளைக்கட்டி கிளையோமா (நரம்பு செல்களைத் தாங்கும் துணை செல்களின் கட்டி) வகை, மரபணு முடிவுக்குக் காத்திருக்கிறோம் என்று மூன்று வாரங்களுக்கு முன் எழுதியிருந்தேன். நேற்று வந்துவிட்டது. ஐடிஹெச்1 மரபணுவில் மாற்றம் இருக்கிறது; 1ஆம் குரோமோசோமின் குட்டைக் கையும் 19ஆம் குரோமோசோமின் நெட்டைக் கையும் சேர்ந்தே காணாமல் போயிருக்கின்றன. உலக சுகாதார நிறுவனத்தின் 2021 வகைப்பாட்டின்படி இது ஒலிகோடெண்ட்ரோகிளையோமா, கிளையோமாக்களில் சிகிச்சைக்கு நன்றாகக் கட்டுப்படும் வகை.

அண்ணனுக்கு இன்னும் 15 மாதம்தான் என்று பதற்றத்தில் நான் எழுதிய ஆயுள் கணக்கு, கிளையோமாக்களில் மிகக் கடுமையான கிளையோபிளாஸ்டோமாவுக்கானது. தயவுசெய்து அதை மறந்துவிடுங்கள். "எத்தனை மாதம்?" என்று கேட்கத்தான் அண்ணி போனார், மருத்துவரோ ஆண்டுக் கணக்கில் பேசினார். அறிக்கையில் கட்டியின் வகையைச் சொல்லும் வரியின் கீழ் பென்சிலால் கோடும் போட்டுக் கொடுத்தார். அந்தத் தாளை மடிக்க அண்ணிக்கு மனம் வரவில்லை.

கட்டி தரம் 3 (தரம் 4 தான் மிகத் தீவிரமானது). அடுத்த வாரம் கதிர்வீச்சு தொடங்குகிறது, பிறகு கீமோ.