மறு: சீட் பெல்ட் ரிட்ராக்டர் – தமிழில் என்ன சொல்லலாம்?

வணக்கம். கார் இருக்கை வாரை (சீட் பெல்ட்) உள்ளே இழுத்துக்கொள்ளும் பெட்டியான ரிட்ராக்டருக்கும், அதைச் சார்ந்தவற்றுக்கும் நம் கலைச்சொல் பட்டியலில் என்ன பெயர் வைப்பது என்று மடல்கள் நிறைய வந்துவிட்டதால் ஒவ்வொன்றாகத் தொட்டுச் செல்கிறேன்.

> ரிட்ராக்டர் = பின்னிழுப்பி. நேர்ப்பொருள், எளிதில் புரியும்.

நேர்ப்பொருள்தான். ஆனால் அந்தப் பெட்டி எங்கே இருக்கிறது என்று பாருங்கள். பெரும்பாலான கார்களில் முன்னிருக்கைக்கான பெட்டி கதவுத் தூணின் அடிப்பகுதியில் ஒளிந்திருக்கிறது. தோளுக்கு மேலே உள்ள வளையத்தில் மடங்கும் வார் அங்கிருந்து கீழே இறங்குகிறது. பின்னால் எதுவும் போவதில்லை. பெட்டிக்குள் ஓர் உருளை, அதன் பக்கவாட்டில் பழைய சாவிக் கடிகாரத்தில் இருப்பது போன்ற தட்டைச் சுருள்வில். நாம் இழுத்தால் வில் முறுக்கேறும், விட்டால் உருளையைத் திருப்பிச் சுழற்றும். அது செய்வது சுருட்டுவதுதான். எனவே என் பரிந்துரை 'வார்ச்சுருட்டி'. 'சுருட்டி' என்றால் புகைக்கும் சுருட்டு நினைவுக்கு வருகிறது என்று ஒரு நண்பர் கேலி செய்திருந்தார். முன்னால் 'வார்' நிற்கும்போது அந்தப் பயம் தேவையில்லை.

> வார் என்றால் தோல். இப்போது வருவது பாலியெஸ்டர்.

செருப்பு வார் ரப்பருக்கு மாறியபோது நாம் பெயரை மாற்றினோமா? பொருள் மாறினாலும் வேலை அதேதான். 'பட்டை'யும் தவறில்லை, ஆனால் மரத்தில் தொடங்கி நெற்றிவரை அது ஏற்கெனவே நிறையச் சுமக்கிறது.

> வண்டி திடீரென நின்றால் வாரைப் பூட்டுவதும் அதே கருவிதானே? பெயரில் பூட்டும் வர வேண்டாமா?

வேண்டாம் என்பேன். வாரும் சுருட்டியும் பூட்டும் ஒன்றாகப் பிறந்தவை அல்ல. 1959இல் வால்வோ கார் நிறுவனத்தில் பொறியாளர் நில்ஸ் போலின் கொண்டுவந்த மும்முனை வாருக்குச் சுருட்டியே கிடையாது. நீளத்தைக் கையால்தான் சரிசெய்ய வேண்டும். சுருட்டியும் அதற்குள் பூட்டும் பிறகு பரவலானவை. பூட்டைத் தூண்டும் உணரிகளும் இரண்டு. வண்டி திடீரென வேகம் குறைந்தாலோ சாய்ந்தாலோ ஒரு சிறு குண்டு (சில வகைகளில் ஊசல்) நகர்ந்து, பல்சக்கரத்தில் கொக்கியை மாட்டி உருளையை நிறுத்தும். வாரை வெடுக்கென்று இழுத்தாலும் மாட்டும். இதை 'அவசரப் பூட்டு' என்று தனிப் பதிவாக வைக்கலாம். தனிப் பெயர் ஏன் தேவை என்றால், சுருட்டியைக் கழற்றிக் கையில் சாய்த்துப் பிடித்தவர் வார் வரவில்லை என்றதும் 'போச்சு' என்று முடிவுகட்டிவிடுகிறார். குண்டு சாய்ந்து கிடக்கிறது, அவ்வளவுதான். தூணில் இருந்த அதே நிலையில் பிடித்தால் வார் வந்துவிடும்.

> slow-retracting (விட்ட வார் மெதுவாக உள்ளே போவது) என்பதற்கு 'மந்தப் பின்னிழுப்பு' அல்லது 'சுருட்டிப் பழுது'.

இங்கேதான் எனக்குப் பெரிய மறுப்பு. பயன்படுத்திய பழைய காரை வாங்கியவர் இந்தச் சொல்லைத் தேடி வருவார். 'சுருட்டிப் பழுது' என்று படித்தால் நேராகப் புதுச் சுருட்டி வாங்கப் போவார். பல வண்டிகளில் சுருட்டி நன்றாகவே இருக்கும். பல ஆண்டு வியர்வை, எண்ணெய்ப்பசை, தூசி எல்லாம் வாரிலும் மேல்வளையத்திலும் பிசின் மாதிரிப் படிந்து உராய்வு கூடியிருக்கும். சுருள்வில்லின் விசை குறைவு. வார் நெஞ்சை அழுத்தக் கூடாது என்பதால் வேண்டுமென்றே மென்மையாக வைப்பார்கள். கொஞ்சம் உராய்வு கூடினாலே அது திணறும்.

அதனால் நோயைச் சொல்லும் சொல்லில் கருவியின் மேல் பழி விழக் கூடாது. 'சுணக்கம்' என்ற நல்ல சொல் நம்மிடம் இருக்கிறது: 'வார்ச் சுணக்கம்'. அணிந்திருக்கும்போது உடலுக்கும் வாருக்கும் இடையே தளர்வாக இருப்பது 'வார்த் தொய்வு'. இரண்டையும் குழப்பக் கூடாது. சுணக்கத்தால் வார் கதவிடுக்கில் சிக்கி ஓரம் பிய்யும். தொய்வு இருந்தால் மோதலில் உடல் முன்னால் போன பிறகுதான் வார் தாங்கும். முதலாவது மெல்ல இரண்டாவதைக் கொண்டுவரும் என்பதும் உண்மை.

பதிவுக்கு என் வரைவு:

வார்ச் சுணக்கம்: இருக்கையோரக் கொக்கியிலிருந்து (பக்கிள்) விடுவித்த இருக்கை வார் தானாக முழுதும் சுருளாமல் தாமதிப்பது அல்லது பாதியில் நிற்பது. வார் முறுக்கிக்கொண்டிருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். வளையத்துக்குக் கீழே வாரைக் கையால் தாங்கி ஊட்டும்போது சுருட்டி விரைவாக உள்ளிழுத்தால் குறை வளையத்திலோ வாரிலோ இருக்கிறது. அப்போதும் தயங்கினால் சுருட்டியைச் சந்தேகிக்கலாம்.

தூய்மை செய்வதையும் ஒரு வரி சேர்க்கலாம் என்று தோன்றுகிறது. வாரை முழுதும் வெளியே இழுத்து, திரும்ப ஓடாதபடி ஒரு கவ்வியைப் போட்டு, மென்மையான சோப்பு கலந்த வெதுவெதுப்பான நீரால் தேய்க்க வேண்டும். வெளுப்பான் கூடாது, இழை வலுவிழக்கும். வளையத்தின் உள்விளிம்பை ஆல்கஹால் தொட்ட துணியால் துடைத்தால் வரும் கறுப்பைப் பார்த்தாலே காரணம் புரிந்துவிடும். வார் நன்றாக உலர்ந்த பிறகுதான் கவ்வியை எடுக்க வேண்டும், ஈரமாக உள்ளே போனால் பூஞ்சை பிடிக்கும். எண்ணெய் விடும் யோசனையும் மடல்களில் வந்தது. அது தூசியை இன்னும் பிடித்து வைக்கும், தயவுசெய்து பதிவில் சேர்க்காதீர்கள். ஓரம் பிய்ந்த வாரையும், விபத்தில் சுமை தாங்கிய வாரையும் கழுவிப் பயனில்லை, மாற்றத்தான் வேண்டும்.

சுருட்டியைத் திறந்து வில்லை முறுக்கும் வேலையை எந்தப் பதிவிலும் செய்முறையாக எழுத வேண்டாம். வில் சீறி வெளியே பாயும். பல கார்களில் அதே பெட்டியோடு வெடிமருந்தால் இயங்கும் பிரிடென்ஷனரும் இருக்கிறது. மோதலின் முதல் நொடித்துளிகளில் வாரை இழுத்து இறுக்குவது அதன் வேலை என்பதால் 'முன்னிறுக்கி' எனக்குச் சம்மதம். அந்தப் பதிவில் எச்சரிக்கை வரி கட்டாயம் வேண்டும்.

மிச்சம் இருப்பது மேல்வளையத்தின் பெயர். 'தோள்வளையம்' என்று ஒருவர் சொன்னார். தோள்வளை நம் பழைய அணிகலன், படிப்பவர் தடுமாறுவார். தூணில் பொருத்தியிருப்பதால் 'தூண்வளையம்' போதும் என்று நினைக்கிறேன். ஆனால் சில கார்களில் வளையம் இருக்கையிலேயே இருக்கும், அங்கே இந்தப் பெயர் ஒட்டாது. 'வழிவளையம்' என்றால் இரண்டுக்கும் பொருந்துமா? கருத்து சொல்லுங்கள், அதன் பிறகு பட்டியலில் ஏற்றலாம்.