5டி மார்க் 3-ஐ மாத்தணுமா, இன்னும் ஒரு சீசன் ஓட்டலாமா?

குடந்தை கிளிக்:
வணக்கம். கும்பகோணம் பக்கம் கல்யாண போட்டோ எடுக்கிறேன். கையில கேனான் 5டி மார்க் 3, செகண்ட்ஹேண்டா வாங்கி 6 வருஷம் ஆச்சு. லென்ஸ் 24-70, 70-200, 85 எம்எம் எஃப் 1.8, மூணும் இஎஃப் (5டி மாதிரி கேனான் கேமராவுக்கான மவுண்ட்).

வைகாசியில இருந்து ஒரே தலைவலி. மண்டபத்துல 85 போட்டு பொண்ணு முகத்தை எடுத்தா கண்ணு சாஃப்டா இருக்கு, காதுல ஜிமிக்கி மட்டும் பளிச்சுனு விழுது. ஆனி கடைசி முகூர்த்தத்துல மாலை மாத்தறப்ப எடுத்த 40 ஃப்ரேம்ல 11தான் ஆல்பத்துக்குத் தேறுச்சு. கேமராவுக்கு வயசாயிடுச்சு, கேனானோட கண்ணாடி இல்லாத (மிரர்லெஸ்) ஆர்6 மார்க் 2 எடுங்கன்னு கூட வர்ற வீடியோ தம்பி சொல்றான். ஆவணியில 7 முகூர்த்தம் புக் ஆகியிருக்கு. வாங்கினா கடன்தான். வாங்கலாமா?

மின்மினி:
யோசிக்காதீங்க ப்ரோ, எடுத்துடுங்க. கண்ணை அதுவே பிடிச்சுக்கும். 5டி 3 வந்தது 2012-ல.

பழைய ஃபிலிம்காரன்:
தம்பி, கடன் பேப்பர்ல கையெழுத்து போடறதுக்கு முன்னாடி ஒரு அரை மணி நேரம் செலவு பண்ணுங்க. ஜிமிக்கி பளிச்சு, கண்ணு சாஃப்டுன்னு சொன்னதே பாதி பதில். ஃபோகஸ் பின்னாடி போய் விழுது.

உங்க 5டி மாதிரி, உள்ள கண்ணாடி வச்ச டிஎஸ்எல்ஆர்ல வியூஃபைண்டர் வழியா பாக்கறப்ப ஃபோகஸ் அளக்கறது கண்ணாடிக்குக் கீழ இருக்கிற தனி சென்சார். படம் விழறது வேற சென்சார்ல. லென்ஸும் கேமரா பாடியும் துளி ஒத்துப்போகலேன்னாலும், "பிடிச்சுட்டேன்"னு கேமரா பீப் அடிக்கும், படம் அவுட்டாத்தான் இருக்கும்.

சுவத்துல மாட்டியிருக்கிற நாள் காலண்டரை, கேமராவை டிரைபாட்ல வச்சு, எஃப் 1.8-ல எடுங்க. வியூஃபைண்டர்ல 10, பின்னாடி ஸ்கிரீன்ல பாக்கற லைவ் வியூவுல 10. ஒவ்வொரு தடவையும் ஃபோகஸைக் கலைச்சுட்டுப் பிடிக்கணும். லைவ் வியூ, படம் விழற சென்சார்லயே ஃபோகஸ் அளக்கறதால அதுதான் சாட்சி. மூணு லென்ஸையும் பாருங்க. 85 எங்கயாவது விழுந்துச்சா?

குடந்தை கிளிக்:
அண்ணே, பாத்துட்டேன். 85: லைவ் வியூவுல நல்ல நேரம் எழுத்து கூட படிக்க முடியுது, வியூஃபைண்டர்ல மங்கல். 70-200 ரெண்டுலயும் சுத்தம். 24-70-யும் ஓகே. சித்திரையில கார் டிக்கியில பை கவுந்துச்சு, அப்ப 85 அதுலதான் இருந்துச்சு. மறந்தே போயிட்டேன்.

பழைய ஃபிலிம்காரன்:
அப்ப பாடி மேல பழி போடாதீங்க. ஏஎஃப் (ஆட்டோஃபோகஸ்) மெனுவுல மைக்ரோ அட்ஜஸ்ட்மென்ட் இருக்கும், "லென்ஸ் வாரியா"ன்னு வச்சுக்கிட்டு 85-க்கு மட்டும் மைனஸ் பக்கம் நகர்த்துங்க. மைனஸ் போனா ஃபோகஸ் முன்னாடி வரும். 20 வரைக்கும் இடம் இருக்கு. மேடையில எந்த தூரத்துல நின்னு எடுப்பீங்களோ அதே தூரத்துல டெஸ்ட் பண்ணணும். 20 போட்டும் சரியாகலேன்னா லென்ஸ் சர்வீசுக்கு.

மின்மினி:
ஒத்துக்கறேன், அவசரப்பட்டுட்டேன். ஆனா வாங்க வேற காரணம் இருக்கு. ப்ரோ, உங்ககிட்ட ஒரே பாடிதானா?!

குடந்தை கிளிக்:
ஆமா.

மின்மினி:
தாலி கட்டறப்ப ஷட்டர் போச்சுன்னா? 5டி 3 ஷட்டருக்குக் கேனான் சொன்ன கணக்கு 1,50,000 கிளிக். அதைத் தாண்டியும் ஓடும், அதுக்கு முன்னாடியே போகவும் போகும். செகண்ட்ஹேண்ட் பாடி வேற, முன்னாடி எவ்வளவு ஓடுச்சோ.

ஆர்6 மார்க் 2 எடுத்தா இஎஃப் லென்ஸ் எல்லாம் அடாப்டர்ல ஆட்டோஃபோகஸோட ஓடும், பாடியிலயே கை ஆட்டத்தைச் சமாளிக்கிற ஸ்டெபிலைசேஷனும் உண்டு. ஆனா கார்டு ஸ்லாட் ரெண்டுமே எஸ்டி, உங்க சிஎஃப் கார்டெல்லாம் அலமாரிக்குத்தான். வீடியோ தம்பி சொல்லாத ஒண்ணு: எலக்ட்ரானிக் ஷட்டர்ல மேடை எல்ஈடி லைட்டுக்குப் பட்டை பட்டையா கோடு விழலாம், அதுல ஃபிளாஷும் அடிக்காது. கல்யாணத்துக்கு மெக்கானிக்கல்லயே வச்சுக்கோங்க.

பழைய ஃபிலிம்காரன்:
இது சரியான பேச்சு. ஆனா ரெண்டாவது பாடிக்குப் புதுசே வேணுமா? இன்னொரு பழைய 5டி 3 போதும், பட்டனெல்லாம் கை பழகின இடத்துலயே இருக்கும்.

மின்மினி:
இருட்டு மண்டபத்துல 5டி 3-ஓட 61 ஃபோகஸ் பாயிண்டும் ஃப்ரேம் நடுவுலயே கூடி நிக்குது சார். மூலையில நிக்கிற மாப்பிள்ளை முகத்தை எப்படிப் பிடிக்கிறது? முதல் முகூர்த்தத்துக்கு ஆர்6 வாடகைக்கு எடுக்கட்டும், அப்புறம் முடிவு பண்ணலாம்.

குடந்தை கிளிக்:
மைனஸ் 7-ல நின்னுச்சு. அக்கா பொண்ணைத் திண்ணையில உக்கார வச்சு 30 எடுத்தேன், 27 தேறுச்சு. இமை முடியை எண்ணலாம். ஆவணி முதல் முகூர்த்தத்துக்கு ஆர்6 மார்க் 2-உம் அடாப்டரும் வாடகைக்குச் சொல்லிட்டேன், 5டி 70-200-ஓட தோள்ல தொங்கும். கடன் பத்தி தீபாவளிக்கு அப்புறம் யோசிக்கிறேன். வீடியோ தம்பிகிட்ட இன்னும் சொல்லல.